கிட் காருக்குப் பெரிய வீல், லோ-புரொஃபைல் டயர்: டேப்பில் தொடங்கி ரோட்டில் முடியும் முழு வழிகாட்டி

கராஜின் மூலையில் நான்கு 17 அங்குல அலாய் வீல்கள் எட்டு மாதம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. வாங்கிய நாளில் வீலைத் தாங்கும் ஸ்டட் போல்ட்டுகளுக்குத் துளை பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். பொருந்தியது. மாட்டினேன், சுற்றியது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாக ஒடித்ததும் டயரின் உள்விளிம்பு விஷ்போன் என்கிற சஸ்பென்ஷன் கையின் குழாயில் உரசி, புதுப் பெயின்ட்டில் நாலு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்தது. அந்த நான்கையும் பாதி விலைக்கு விற்ற பிறகுதான் டேப்பைக் கையில் எடுத்தேன். நீங்கள் முதலில் டேப்பை எடுங்கள், பர்ஸைப் பிறகு எடுக்கலாம்.

கிட் கார் என்றால் பல வகை உண்டு. இங்கே நான் சொல்வது பிரிட்டனில் வீட்டுக் கராஜில் கட்டப்படும் லோட்டஸ் செவன் வகைத் திறந்த கார். காலின் சாப்மனின் லோட்டஸ் 1957இல் அந்தக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1973இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. அதே உருவத்தில் சேஸி செய்து தரும் சிறு பட்டறைகள் அதன்பின் பெருகின. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், வீல் உட்காரும் ஹப் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் போடுவார்கள். அந்தப் பழைய காருக்கு டோனர் என்று பெயர். என்னுடைய டோனர் ஃபோர்டு சியெரா. சியெரா ஒரு டன்னுக்கு மேல் எடை. அதன் உறுப்புகளைக் கொண்டு கட்டிய என் கார் சுமார் 600 கிலோ. கீழே வரும் முடிவுகளில் பாதி இந்த எடை வித்தியாசத்திலிருந்து வருபவை.

எதற்காகப் பெரிதாக்குகிறோம்?

நியாயமான காரணங்கள் இரண்டு. 13 அங்குலத்துக்கு நல்ல டயர் வரவர அருகி வருகிறது. கடைகளில் அந்த அளவில் கிடைப்பதில் பெரும்பகுதி சின்ன சிக்கனக் கார்களுக்கானது. இரண்டாவது பிரேக். சியெராவின் 240 மி.மீ. முன் டிஸ்க் 13 அங்குல வீலுக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் போட நினைத்தால் ரிம்முக்குள் இடம் வேண்டும்.

மூன்றாவது காரணம் அழகு. அதில் தப்பில்லை, ஆனால் அதற்குத்தான் செய்கிறோம் என்று நமக்கு நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். 17 அங்குலம் போட்டால் காரின் பிடிமானம் கூடும் என்று சொல்லிக்கொண்டுதான் நானும் வாங்கினேன். கூடவில்லை. குளியலறை எடை மெஷினில் வீலைக் கையில் பிடித்தபடி ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்தேன். டயரோடு சேர்த்துப் பழைய 13 அங்குலம் 12 கிலோ, 17 அங்குலம் 18 கிலோ. ஒரு மூலைக்கு மொத்தமே 150 கிலோ வரும் காரில், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரத்தில் மட்டும் 6 கிலோ கூடுகிறது. சின்னப் பள்ளத்தில் வீல் குதித்தால் அதைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவர, ஆட்டத்தை அடக்கும் டாம்பர் திணறும். காரின் எடை அதை அழுத்திப் பிடிக்கப் போதாது.

என் கணிப்பு: செவன் வகைக்கு 15 அங்குலம் போதும், 16 வரை பொறுத்துக்கொள்ளலாம். 17, 18 எல்லாம் கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல் போன்ற கனமான, அகலமான மட்கார்டு கொண்ட கார்களுக்கு. அந்தக் கோப்ரா 427இன் மூலக் காரிலும் 15 அங்குலம்தான் இருந்தது.

முதல் படி: இருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது 185/60 ஆர்13. அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம் 13 அங்குலம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் ரிம் 330 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 222 மி.மீ.; மொத்த விட்டம் 552 மி.மீ. இந்த 552ஐத்தான் புது டயர் ஏறக்குறைய எட்ட வேண்டும். ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் குட்டையாவது இதற்காகத்தான்.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது:

195/45 ஆர்15: 556 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்.
195/40 ஆர்16: 562 மி.மீ., கிட்டத்தட்ட 2 சதவீதம் கூட.
195/50 ஆர்15: 576 மி.மீ., 4.3 சதவீதம் கூட.
205/40 ஆர்17: 596 மி.மீ., ஏறக்குறைய 8 சதவீதம் கூட. கராஜ் மூலையில் கிடந்தது இதுதான்.

கணக்குப்படி 195/45 ஆர்15தான் வெல்கிறது. ஆனால் நான் வாங்கியது 195/50 ஆர்15. காரணம் கடை. மஸ்டா எம்எக்ஸ்-5இன் இரண்டாம் தலைமுறை இதே அளவில் வந்ததால் சாதாரண ரோட்டு டயர் முதல் டிராக் டயர் வரை எல்லா ரகமும் இதில் கிடைக்கிறது. 45 வரிசையில் தேர்வு கொஞ்சம்தான்.

அந்த 4.3 சதவீதத்துக்கு மூன்று இடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒன்று, கியர். சியெராவின் டைப் 9 கியர்பாக்ஸில் ஐந்தாவது கியர் 0.82. என் டிஃப் 3.92. எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது பழைய டயரில் மணிக்கு 60 மைல், புதியதில் 63. நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று அடங்கி ஓடும், கிளம்பும்போது அதே அளவுக்கு மந்தம். 600 கிலோ காரில் அந்த மந்தம் தெரியவில்லை. இரண்டு, ஸ்பீடோமீட்டர். முன்பு சரியாகக் காட்டியது இப்போது 60 என்று காட்டும்போது கார் உண்மையில் 62.6இல் போகும். குறைத்துக் காட்டும் ஸ்பீடோமீட்டர் சட்டப்படி செல்லாது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்று, உயரம். விட்டம் 24 மி.மீ. கூடினால் கார் 12 மி.மீ. எழும்பும். எனக்கு இது லாபம். ஃபோர்டு பின்டோ எஞ்சினின் ஆயில் சம்ப் செவன் சேஸிக்குக் கீழே பல் இளித்துக்கொண்டு நிற்கும். வேகத்தடையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். அந்த 12 மி.மீ.யை நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் படி: துளை, நடுத்துளை, நட்டு

ஸ்டட்களின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. நாலு ஸ்டட் என்றால் அளப்பது சுலபம். எதிரெதிர் ஸ்டட்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து ஒரு ஸ்டட்டின் கனத்தைக் கழியுங்கள். சியெராவில் 120 வரும், 12 போனால் 108. ஐந்து ஸ்டட் என்றால் அடுத்தடுத்த இரண்டின் மையத் தூரத்தை 1.701ஆல் பெருக்குங்கள். சியெரா 4×108, எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகள் 4×100. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். “தட்டினால் ஏறிடும்” என்பவரிடம் வீல் வாங்காதீர்கள்.

அடுத்தது நடுத்துளை. சியெரா ஹப்பின் நடு மூக்கு 63.4 மி.மீ. சந்தையில் தனியாக விற்கும் வீல்கள் பல கார்களுக்கும் ஆகட்டும் என்று பெரிய துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஸ்பிகாட் வளையம் கிடைக்கிறது, சில பவுண்டுதான். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் வீல் ஒரு மயிரிழை மையம் விலகி உட்காரும். நடுக்கம் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும், பேலன்ஸ் செய்தவரைத் திட்டிக்கொண்டே இருப்போம்.

நட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீலின் நட்டுக் குழி கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பாருங்கள். தனியாக விற்கும் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. பல பியூஜோ அலாய்களில் தட்டை வாஷர். கூம்புக் குழியில் உருண்டை நட்டு முறுக்கினால் இறுகிய மாதிரி இருக்கும், உண்மையில் ஒரு மெல்லிய வளையக் கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அலுமினிய வீலின் கனம் இரும்பு வீலைவிடக் கூட என்பதால் ஸ்டட் நீளமும் முக்கியம். நட்டைக் கையால் திருகும்போது சுற்றை எண்ணுங்கள். எம்12 ஸ்டட்டில் 1.5 மி.மீ. புரி என்றால், ஸ்டட்டின் கனத்துக்குச் சமமான பிடிக்கு 8 முழுச் சுற்று வேண்டும். 5 சுற்றில் நின்றால் நீளமான ஸ்டட் போட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு.

மூன்றாம் படி: ஆஃப்செட்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. வீலின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். வீலில் ஈடி என்று பொறித்திருக்கும். ஐன்பிரெஸ்டீஃபே என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ஈடி எண் கூடினால் வீல் காருக்குள்ளே நகரும், குறைந்தால் வெளியே வரும்.

அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். சூத்திரம் எளிது. அகலத்தை மி.மீ.க்கு மாற்றிப் பாதியாக்குங்கள். ஈடியைக் கூட்டினால் உள்விளிம்பு ஹப் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே என்று வரும். கழித்தால் வெளிவிளிம்பு எவ்வளவு வெளியே என்று வரும். ரிம்மின் உதடு கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும்தான், ஆனால் பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது அது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

என் பழைய வீல் 5½ஜெ, அதாவது 5½ அங்குல அகலம், ஈடி 38. பாதி அகலம் 70. உள்ளே 108, வெளியே 32. இதை வைத்துக்கொண்டு மூன்று வீல்களைப் பார்த்தேன்.

ஸ்க்ராப் யார்டில் ஃபோர்டு ஃபோகஸின் முதல் தலைமுறை 15 அங்குல வீல்கள் சல்லிசாகக் கிடைத்தன. 4×108, நடுத்துளை 63.4, எல்லாம் அப்படியே பொருந்தும். 6ஜெ, ஈடி 52.5. உள்ளே 129! பழையதைவிட 21 மி.மீ. உள்ளே போகிறது. சியெரா பின்சக்கர ஓட்டம், ஃபோகஸ் முன்சக்கர ஓட்டம். ஒரே கம்பெனி, ஒரே துளை, வேறு ஜாதகம்.

அடுத்து பியூஜோ 205 ஜிடிஐ 1.9இன் வீல். அதுவும் 4×108, 6ஜெ×15, ஈடி 19. உள்ளே 95, வெளியே 57. உள்ளே தாராளம், ஆனால் வெளியே 25 மி.மீ. துருத்தும். நடுத்துளையும் 65.1 என்பதால் வளையம் வேண்டும்.

மூன்றாவதாகப் புது வீல் ஒன்று, 6ஜெ×15, ஈடி 35. உள்ளே 111, வெளியே 41. உள்ளே 3, வெளியே 9 மி.மீ. கூடுகிறது. விலைதான் ஃபோகஸ் வீலைப்போல நாலு மடங்கு. இதைத்தான் வாங்கினேன்.

வெளியே கொஞ்சம் துருத்தினால் என்ன, பார்க்கக் கம்பீரமாகத்தானே இருக்கும் என்பார்கள். ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் என்று ஒன்று இருக்கிறது, ஸ்கிரப் ரேடியஸ் என்பார்கள். வீல் வெளியே போகப் போக இந்தத் தூரம் நீளும். நீண்டால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், லாரிகள் தேய்த்த ரோட்டுத் தடம் காரைத் தன் போக்கில் இழுத்துப் போகும். பவர் ஸ்டியரிங் இல்லாத இலகுவான காரில் இது நேராக மணிக்கட்டில் வந்து இறங்கும். ஸ்பேசர் வைத்து அட்ஜஸ்ட் செய்வதும் இதே வினைதான். கூடவே ஸ்டட்டின் பிடியையும் அது தின்றுவிடும்.

நான்காம் படி: காரில் எவ்வளவு இடம் இருக்கிறது?

பழைய வீல் மாட்டியிருக்கும்போதே அளந்துவிடுங்கள். காரை ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒன்றாக இருக்கும் காயில் ஓவரைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, டாம்பரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். பம்ப் ரப்பர் அதன் இடத்தில் இருக்கட்டும். இப்போது கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கி வைத்தால் சஸ்பென்ஷனை மேலும் கீழும் கையால் ஆட்டலாம். முழுதாகத் தொங்கும் நிலை, சாதாரண ஓட்ட நிலை, முழுதாக அமுங்கிய நிலை என மூன்றிலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயருக்கும் மிக அருகில் உள்ள பொருளுக்கும் இடையே எவ்வளவு என்று எழுதுங்கள். விஷ்போன், டாம்பர், ஸ்டியரிங் ராடின் முனை, பிரேக் ஹோஸ், சேஸிக் குழாய், பின்னால் ஹேண்ட்பிரேக் கேபிள், மட்கார்டின் உள் உதடு எல்லாவற்றையும் பாருங்கள். பிரேக் ஹோஸை மறக்கவே கூடாது. அது நேராக நிற்கும்போது ஒழுங்காக இருக்கும், ஒடித்து அமுக்கும்போதுதான் வளைந்து டயர் பக்கம் வரும்.

என் காரில் மிக நெருக்கமான இடம் பின் டாம்பர், 16 மி.மீ. புது வீல் 3 மி.மீ. உள்ளே வருகிறது. டயர் அகலம் 185இலிருந்து 195 ஆவதால் பக்கத்துக்கு 5. மிச்சம் 8. டாம்பரின் அந்த முனை வீலோடு சேர்ந்தே ஆடுவதால் 8 போதும். சேஸிபோல ஆடாமல் நிற்கும் பொருள் என்றால் 15க்குக் குறைந்து நான் விடமாட்டேன். ஃபோகஸ் வீலை இதே இடத்தில் வைத்துப் பாருங்கள்: 16இல் 21 போய், இன்னும் 5 போனால், டயர் டாம்பருக்குள் 10 மி.மீ. புகுந்திருக்க வேண்டும்.

காலிப்பருக்கு வேறு சோதனை. ரிம் பெரிதாவதால் சுற்றளவில் இடம் கூடும், ஆனால் ஸ்போக்குகள் உள்பக்கம் வளைந்து வந்து காலிப்பரின் முகத்தில் இடிக்கலாம். குழந்தைகளின் களிமண்ணை உருட்டி காலிப்பரின் வெளிமுகத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுங்கள். டயர் இல்லாத வெறும் வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. 3 மி.மீ. இருக்க வேண்டும். விற்பவர் ஒரே ஒரு வீலை முன்கூட்டித் தந்து பார்க்கவிட்டால் அவரிடமே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: டயரும் காற்றும்

195/50 ஆர்15 டயரில் 82வி என்று இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. நம் காரின் ஒரு மூலை 150 கிலோ. அதாவது தேவையைவிட மூன்று மடங்கு பலமான பக்கச்சுவர். குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும் அந்தச் சுவர் நம் எடைக்கு வளைந்து கொடுக்கவே மாட்டேன் என்கிறது. பெரிய கார்களில் லோ-புரொஃபைல் டயர் சொகுசைக் கொஞ்சம் குறைக்கும். நம் காரில் காற்றைக் குறைக்காவிட்டால் பிடிமானத்தையே குறைத்துவிடும்.

லண்டனில் நான் டயர் மாட்டப் போன கடையில் வேலை செய்த பையன் யாழ்ப்பாணத்துக்காரன். மெஷினில் டயரை ஏற்றி, காற்றடித்து, ஓரங்கள் ‘டப், டப்’ என்று ரிம்மில் உட்கார்ந்ததும் கேட்டான்.

“அண்ணை, முப்பத்திரண்டு விடட்டோ?”

“வேண்டாம் தம்பி, பதினெட்டு வை.”

“பதினெட்டோ? அது பஞ்சர் அண்ணை!”

வெளியே நின்ற காரைக் காட்டினேன். போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “இதுக்குக் காத்தே தேவையில்லைப் போல” என்று சிரித்துக்கொண்டே 18இல் வைத்தான்.

ஓரங்கள் ரிம்மில் உட்கார முதலில் நிறையக் காற்று வேண்டும், அதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். பிறகு இறக்கி 18 முதல் 20 பிஎஸ்ஐக்குள் தொடங்குங்கள். சரிதானா என்று பார்க்க, டயரின் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு நூறு மீட்டர் நேராக ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று கூட, ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. ஒரு பிஎஸ்ஐ ஏற்றி இறக்கித் திரும்பச் செய்யுங்கள்.

டிராக் டயர் ஆசை எல்லோருக்கும் வரும். யோகோஹாமா, டோயோ, நான்காங் மூன்று கம்பெனிகளுமே இந்த அளவில் ஒட்டும் ரகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை சூடேறினால்தான் ஒட்டும், 600 கிலோ கார் ரோட்டில் அவற்றைச் சூடேற்றாது. ஈரமான காலையில் ரவுண்டானாவில் திரும்பும்போது அந்த ஆசைக்கு விலை கேட்கும். நான் சாதாரண ரோட்டு டயரோடு நின்றுவிட்டேன்.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கிட் கார் வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடினாலே அதிகம். நம் டயர் தேய்ந்து போகாது, கிழடாகித்தான் போகும். ஏற்கெனவே மூன்று வருடம் குடோனில் தூங்கியதை வாங்கினால் ஆயுளில் பாதி அங்கேயே முடிந்திருக்கும்.

ஆறாம் படி: மாட்டுவது

ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். பழைய டிஸ்க் நிறுத்தும் கிளிப் ஏதாவது ஸ்டட்டில் நின்றால் எடுத்துவிடுங்கள், அது வீலை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்கும். வளையத்தைப் போட்டு, வீலை ஏற்றி, நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்குங்கள். பிறகு காரை இறக்கி டார்க் ரெஞ்ச். டோனர் காரின் மானுவலில் இருக்கும் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் 90 நியூட்டன் மீட்டர் வைக்கிறேன். காற்றுத் துப்பாக்கியால் கடைக்காரர் இறுக்கித் தந்திருந்தால் வீட்டுக்கு வந்து தளர்த்தி மறுபடி முறுக்குங்கள்.

பேலன்ஸ் செய்யும்போது ரிம்மின் உள்பக்கம் எடைத் துண்டு ஒட்டுவார்கள். களிமண் சோதனையில் தப்பித்த காலிப்பர் இந்தத் துண்டில் மாட்டும். மாட்டிய பிறகு ஒவ்வொரு வீலையும் கையால் சுற்றிக் காது கொடுங்கள். ‘டிக்… டிக்…’ என்று கேட்டால் அதுதான்.

முன் மட்கார்டு செவன் வகையில் ஹப்போடு சேர்ந்து திரும்பும், சைக்கிள் மட்கார்டு மாதிரி. டயரின் ஆரம் 12 மி.மீ. கூடியதும் எனக்கு இடைவெளி 25இலிருந்து 13 ஆனது. டயர் பொறுக்கி எறியும் ஒரு ஜல்லிக்கல் போதும் ஃபைபரை விரிசல் விட வைக்க. தாங்கும் கம்பியின் துளைகளை நீட்டி மட்கார்டைத் தூக்கினேன், ஒரு மாலை வேலை.

கடைசியாக அலைன்மென்ட். டயர் பெரிதானதால் மட்டும் காம்பரும் (வீலின் சாய்வு) டோவும் (வீல் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறாது, ஆனாலும் டோவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சமமான தரையில் காரை நிறுத்தி, இரு பக்கமும் மீன்தூண்டில் நரம்பை இறுக்கிக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நரம்பிலிருந்து தூரம் அளந்தால் டோ தெரிந்துவிடும். குட்டைப் பக்கச்சுவர் தப்பை மன்னிக்காது. பழைய டயர் தன் சுவரை வளைத்து மூடிமறைத்த கோளாறையெல்லாம் புதியது ஸ்டியரிங்கில் சொல்லிவிடும்.

ஏழாம் படி: ரோடும் சட்டமும்

டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் வெள்ளைச் சாக்பீஸ் தடவி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மேடு பள்ளம் உள்ள ரோட்டில் மெதுவாகவும், பிறகு ரவுண்டானாவில் கொஞ்சம் வேகமாகவும் ஓட்டுங்கள். ஆள் ஏறினால் இந்தக் காரில் எடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, அதனால் தனியாக ஓட்டிப் பார்த்தது கணக்கில் வராது. திரும்பி வந்ததும் டார்ச்சோடு கீழே படுங்கள். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசல்.

காரை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் பதிவுக்கு முன் தனிக் காருக்கு நடக்கும் ஐவிஏ சோதனை காத்திருக்கிறது. வீல் சம்பந்தமாக அங்கே அடிபடும் இடங்கள் இவை. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்து சதவீதமும் 6.25 மைலும் சேர்ந்த அளவுக்குள். மின்னணு மீட்டரில் துடிப்பு எண்ணை மாற்றினால் முடிந்தது, போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு நான் 60க்கு 62 காட்டும்படி வைத்தேன். மட்கார்டு, வீலின் மையத்துக்கு மேலிருந்து முன்னால் 30 டிகிரி, பின்னால் 50 டிகிரி வரை டயரின் முழு அகலத்தையும் மூட வேண்டும். டயரை அகலமாக்கிவிட்டுப் பழைய மட்கார்டோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காது நீட்டிய ஸ்பின்னர் நட்டுகள் நடக்காது. ஸ்டியரிங்கை ஒடித்து விட்டால் தானே நடுவை நோக்கித் திரும்ப வேண்டும். பலருடைய கிட் கார் தோற்பது இதில்தான், அகலமான டயர் அதற்கு உதவாது. என் யோசனை, ஐவிஏவுக்குப் பழைய ஒல்லி வீலோடு போய்வாருங்கள், புதியதைப் பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பதிவான கார் என்றால் வருடாந்திர எம்ஓடி சோதனையும் இன்ஷூரன்ஸும்தான். வீல் மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லி, பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நான் சொன்னபோது பிரீமியம் ஒரு பைசா ஏறவில்லை. சொல்லாமல் விட்டு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

50 மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். எனக்கு நான்கு வீலில் பின் இடதில் மட்டும் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது. கழற்றிப் பார்த்தேன், ஹப் முகத்தில் நான் தேய்க்காமல் விட்ட ஒரு துருச் செதில், நசுங்கி மாவாகிப் போயிருந்தது.